பிரித்துத் தைத்த பத்திரம்

எங்கள் தையல் ஆலையில் அவருக்குப் 'பிரிச்சுப்போடு அக்கா' என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக அவருடைய மேசைக்குத்தான் வரும். காலரைத் தடவிப் பார்ப்பார், கைமடிப்பை உள்பக்கம் திருப்புவார், பொத்தானை ஓர் இழு இழுப்பார். ஒரு தையல் பிசகியிருந்தாலும் தைத்தவளைக் கூப்பிட்டு, "பிரிச்சுப் போடு" என்று நீட்டிவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பதினேழு வருடத்தில் அவர் கையைத் தாண்டிப் போன சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மேலாளர் பெருமையாகச் சொல்வார். அக்கா அதையும் நம்பமாட்டார். "வந்திருக்கும். நம்மகிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க" என்பார்.

நான் அவருக்கு அடுத்த மேசையில் இஸ்திரி போடுகிறவள். அவர் வீடு வாங்கிய கதையில் பாதியை மதியச் சாப்பாட்டு வேளைகளில் கேட்டேன். மீதியை நேரிலேயே பார்த்தேன்.

அக்காவின் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துக் குடிபோனார்கள். நான்காம் நாள் காலையில் வேறொருவர் சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அவர்தான் உண்மையான உரிமையாளர். முன்பணம் வாங்கியவன் முந்தின மாதம் காலி செய்துவிட்டுப் போன பழைய குடித்தனக்காரன். அன்று மதியம் கட்டில், பாத்திரம், துணிமூட்டை எல்லாம் நடைபாதைக்கு வந்தன. மழை வேறு. "அன்னைக்குத்தான் எனக்குக் கண்ணு திறந்துச்சு. அதுக்கப்புறம் மூடவே இல்ல" என்பார் அக்கா.

அதன்பிறகு ஒன்பது வாடகை வீடு. 'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதே, அக்கா வாழ்க்கையில் ஒரு வீட்டுக்காரர் மாறவே இல்லை, இன்னொரு வீட்டுக்காரர் ஒன்பது பேர். மாறாத வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். எதிரே வருகிறவன் அவன் பக்கத்திலேயே வருவான் என்று நம்பினால்தான் அந்த வேலையைச் செய்யமுடியும். அவர் எல்லாரையும் நம்புவார். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்கா சந்தேகப்பட்டார்.

நாற்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்று துணிந்தார்கள். தரகர் ஒருவர் ஏழெட்டு வீடு காட்டினார். எல்லாவற்றிலும் அக்கா ஒரு குறை கண்டுபிடித்தார். ஒன்பதாவது வீட்டில் மட்டும் குறை சொல்ல வாய் வரவில்லை. சின்னத் தெரு, தனி வீடு, முன்னால் ஒரு கூடம், சமையலறையில் காலை வெயில், இரண்டு அறை. பின்பக்கம் இன்னோர் அறை பூட்டியிருந்தது. விற்கிறவர் ஒரு மருந்துக்கடைக்காரர். ஒல்லியான, மரியாதையான மனிதர்.

"அந்த ரூம்ல என்னங்க?" என்று அக்கா கேட்டார்.

"பழைய மருந்துப் பெட்டிங்கதாம்மா. சாவி கடையில இருக்கு."

அப்போது பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது. சன்னமான தும்மல்தான். உடனே தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்கத்து வீடு. சுவர் ஒட்டியிருக்குல்ல" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா அந்த வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து இருந்தது. சுவர் எங்கும் ஒட்டியிருக்கவில்லை.

"பழைய பெட்டிக்கு ஜலதோஷம்" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை.

வேறொருவராக இருந்தால் அந்த வீட்டை அன்றே விட்டிருப்பார். அக்காவால் முடியவில்லை. சமையலறை வெயிலைப் பற்றி இரண்டு தடவை பேசினார். ஆசை ஒரு பக்கம் இழுக்க, சந்தேகம் மறுபக்கம் இழுக்க, அந்த வாரம் முழுக்கச் சட்டைகளின் மேல் கோபத்தைக் காட்டினார். தையல்காரப் பெண்கள் பிரித்துப் பிரித்து ஓய்ந்துபோனார்கள்.

தரகரே ஒரு வக்கீலையும் கூட்டிவந்தார். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, முப்பது வருடத்துக்கு வில்லங்கம் எதுவும் இல்லை, சொத்து சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார். வில்லங்கம் என்றால் ஒரு சொத்தின்மேல் வேறு யாருக்காவது இருக்கிற பிடி. அடமானம், வழக்கு, பங்கு எதுவாகவும் இருக்கலாம்.

"வக்கீலே எழுதிக் குடுத்துட்டாரு. இனி என்ன?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"வீட்டைக் காட்டுனது யாரு?"

"தரகர்."

"வக்கீலைக் காட்டுனது யாரு?"

"தரகர்தான்."

"பொண்ணும் அவங்க வீட்டுப் பொண்ணு, பொண்ணு நல்லவன்னு சொல்ற சாட்சியும் அவங்க வீட்டு ஆளா?"

தரகர் அவசரப்படுத்தினார். இன்னொரு கட்சி முன்பணத்தோடு காத்திருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தம் போடவேண்டுமாம். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நகலைப் பார்த்தது போதாது, மூலப் பத்திரத்தை, அதாவது இந்த வீடு மருந்துக்கடைக்காரருக்கு வந்த அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும்.

கடையில் வைத்துக் காட்டினார்கள். வாங்குபவர்கள் வந்துபோகிற இடம், சரியாக உட்காரக்கூட முடியாது. அதற்காகத்தான் அந்த இடம் என்று அக்கா நினைத்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரரின் அப்பா மகன் பேருக்கு எழுதிவைத்த பத்திரம் அது. பழுப்பேறிய ஐந்து தாள். ஓரத்தில் நூல் போட்டுத் தைத்திருந்தது.

அக்கா எழுத்தைப் படிக்கவில்லை. சட்டையின் உள்பக்கத்தைப் பார்ப்பதுபோல் தையலைப் பார்த்தார். தாள் பழசு, நூல் புதுசு. நூல் கோத்திருந்த துளைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைத் துளை, வெறுமையாக இருந்தது. ஒருமுறை தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தால் துணியிலும் இப்படித்தான் தடம் விழும். தாள்களின் மேல் மூலை ஐந்தும் கிழிந்திருந்தன. தாள் எண் இருக்கவேண்டிய இடம் அது.

"மூலை எல்லாம் என்னாச்சுங்க?"

"எலி கடிச்சிடுச்சும்மா. பழைய பெட்டியில கிடந்தது."

ஐந்து மூலையும் ஒரே கோட்டில் போயிருந்தன. அக்கா பத்திரத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "சரிங்க, சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். தெருமுனைக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம், "எலி ஸ்கேல் வச்சா கடிக்கும்?" என்று கேட்டார்.

அவர் பொறுமை இழந்துவிட்டார். "உனக்கு வீடு வேணுமா, குத்தம் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. எனக்கென்னமோ உனக்கு வீடே வேண்டாம்னு தோணுது."

அந்த வார்த்தை அக்காவைக் குத்திவிட்டது. மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அதை மறுபடி மூடிவைத்தார். "அவர் சொல்றது சரியா இருக்குமோடி? குத்தம் பார்த்துப் பார்த்து எதைப் பார்த்தாலும் குத்தமாத் தெரியுதோ எனக்கு?" என்றார். அக்கா தன்னையே சந்தேகப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். "துளை இருந்துச்சுல்ல?" என்றேன். "இருந்துச்சு" என்றார். "அப்ப இருந்துச்சுதான்" என்றேன்.

அன்று வேலை முடிந்ததும் அக்கா தானே ஒரு வக்கீலைத் தேடிப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, தூசிக்கு இருமுகிற ஒரு வக்கீலம்மா. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் வக்கீல் எழுதிக்கொடுத்ததை விரலால் தட்டினார்.

"முப்பது வருஷத்துக்குப் பார்த்திருக்காரு. பத்திரம் முப்பத்துநாலு வருஷம் பழசு. வில்லங்கம் முப்பத்தோராவது வருஷத்துல சௌகரியமா உட்கார்ந்திருக்கும், யாரும் எட்டிப்பார்க்க மாட்டாங்க."

"அப்ப அவரு வேணும்னே செஞ்சாருங்கறீங்களா?"

"சோம்பேறியா இருக்கலாம், கள்ளனா இருக்கலாம். காகிதத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பதிவு அலுவலகத்துல அந்தப் பத்திரத்தோட சான்றிட்ட நகல் இருக்கும். எழுதிப்போட்டு வாங்கலாம். அவங்க வச்சிருக்கிற பிரதியை எந்த எலியும் தொடமுடியாது."

நகல் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்குள் தரகர் தினமும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. காத்திருந்த அந்த இன்னொரு கட்சி மட்டும் இரண்டு வெள்ளியிலும் வரவேயில்லை.

நகல் வந்தபோது அதில் ஆறு தாள் இருந்தன. பிடுங்கிய தாள் நான்காவது. வக்கீலம்மா அதை நிதானமாக வாசித்தார். வீட்டை மகனுக்குக் கொடுக்கிற அப்பா, பின்பக்கத்து அறையிலும் அதற்குரிய தனி வாசலிலும் தன் மூத்த மகளுக்கு ஆயுள் உள்ளவரை குடியிருக்க உரிமை உண்டென்றும், வீடு யார் கைக்குப் போனாலும் அந்த உரிமை போகாதென்றும் எழுதியிருந்தார்.

"அப்ப தும்முனது..." என்றார் அக்கா.

"மூத்த மகள்" என்றார் வக்கீலம்மா.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு அக்கா பின்தெருவுக்குக் கிளம்பினார். "ஒரு சாட்சி வேணும், வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சந்துக்குள் ஒரு பச்சைக் கதவு. தட்டியதும் கதவு திறக்கவில்லை. பக்கத்திலிருந்த ஜன்னல் நான்கு விரல் அளவுக்குத் திறந்தது. அறுபத்தைந்து வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள்.

"யாரு?"

"இந்த வீட்டை வாங்கலாம்னு பார்க்க வந்தவங்கம்மா."

"முன்னால போய்ப் பாருங்க. ஏன் பின்னால வர்றீங்க?"

"முன்னால பார்த்தப்ப உங்களைக் காட்டலை. அதான்."

ஜன்னல் இன்னும் இரண்டு விரல் திறந்தது. "உங்களை அவன் அனுப்பினானா? கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லி?"

"இல்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போன மாசம் தண்ணி வரி கட்டணும்னு சொல்லி ஒருத்தன் ஒரு காகிதம் நீட்டினான். கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்னேன். திரும்பி வர்றதுக்குள்ள ஆளைக் காணோம்."

அந்த அம்மாள் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ஊர்ப்பேச்சு முழுக்க அவர் காது வழியாகத்தான் போயிருக்கிறது. மனிதர்கள் ஒருவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அடுத்தவரிடம் வேறொன்றைச் சொல்வதைத் தினமும் கேட்டவர். நம்பிக்கை எங்கிருந்து வரும்? இரண்டு பேரும் ஜன்னலின் இரு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் அளந்தார்கள். நடுவில் நான் குடையை மடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பையிலிருந்து நான்காம் தாளை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் படித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன்.

"அப்பா எழுதிவச்சிருக்கேன்னு வாயால சொன்னாரு. அப்படி ஒண்ணும் இல்ல, உனக்கு நினைப்புன்னு தம்பி சொல்லிக்கிட்டே இருந்தான். நானும் நினைப்புதான்னு நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். என்கிட்ட வேற பிரதி இருக்கு" என்றார் அக்கா.

"ஏன் குடுக்கறீங்க? இதனால உங்களுக்கு என்ன லாபம்?"

"இன்னும் யோசிக்கலைம்மா" என்றார் அக்கா. அது உண்மை.

இரண்டு நாள் கழித்து வக்கீலம்மாவின் அறையில் மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். தரகர் வரவில்லை, திடீரென்று அவருக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டது. ஆறு தாள் நகலை மேசையில் பார்த்ததும் மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. எலியைப் பற்றி அவர் பேசவில்லை.

"மகன் வெளிநாட்டுக்குக் கூப்பிடுறான். எங்க அக்காவையும் வான்னு சொன்னேன், வரமாட்டேங்குது. அந்தத் தாளோட காட்டினா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. மூணு பேரு பார்த்துட்டுப் போயிட்டாங்க. வித்த பிறகு எப்படியும் சமாதானமாயிடும்னு..."

"யாரு சமாதானம் ஆகணும்? உள்ள இருக்கற அம்மாவா, வாங்குற நானா?" என்றார் அக்கா.

அவரைக் கெட்டவர் என்று முழுசாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. ஒரு தாளைப் பிடுங்கிய பாவத்தைச் சுமந்துகொண்டு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம். ஆனால் மனைவியைப் பார்த்து, "நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா, "வச்சுப்பேன். ஆனா திட்டமாட்டேன்" என்றார்.

வக்கீலம்மா வழி சொன்னார். அந்த உரிமையை மறைக்காமல் கிரயப் பத்திரத்திலேயே எழுதி, மூத்தவளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், விற்கலாம், வாங்கலாம். பின்னறை அந்த அம்மாள் இருக்கும்வரை அவருடையது, அதற்குத் தகுந்தாற்போல் விலை குறையும். வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம். இன்னும் ஒப்பந்தம் போடவில்லை.

அக்கா இரண்டு வாரம் யோசித்தார். "குறையை வெளிச்சத்துல பார்த்துட்டு வாங்கறதுக்கும், குறையே இல்லைன்னு சொல்றவன்கிட்ட வாங்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். முடிவு தெரிந்துவிட்டது.

பதிவு நாளன்று அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் எழுத்தர் பேனாவை நீட்டி, "இங்க, இங்க, இங்க" என்று கையெழுத்துப் போடவேண்டிய இடங்களைக் காட்டினார். டெலிபோன் அம்மாள் பேனாவை வாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"படிச்சுட்டுப் போடறேன்."

"வக்கீல் படிச்சுட்டாங்கம்மா. பின்னால நாற்பது பேரு நிக்கறாங்க."

"நிக்கட்டும். நான் அந்த ரூம்ல சாகிறவரைக்கும் இருக்கணும்."

முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அக்காவுக்கும் எரிச்சல்தான், முந்தின நாள் இரண்டு தடவை அவரே எழுத்தெண்ணிப் படித்துச் சரிபார்த்த பத்திரம் அது. ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"என் வாசல் கிழக்கால இருக்கு. இதுல மேற்குன்னு போட்டிருக்கு."

வக்கீலம்மா எட்டிப்பார்த்தார். எழுத்தர் எட்டிப்பார்த்தார். அக்காவும் எட்டிப்பார்த்தார். பின்னறையின் வாசல் மேற்கு என்றே எழுதியிருந்தது. மேற்கில் இருப்பது வாசலில்லாத வெறும் சுவர். அப்படியே பதிந்திருந்தால் அந்த அம்மாளுக்குப் பத்திரப்படி வாசலே இல்லை. தட்டச்சில் நேர்ந்த பிசகா, யாராவது சொல்லிச் செய்ததா என்று அக்கா இன்றுவரை யோசிக்கிறார். மருந்துக்கடைக்காரர் தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தார். அக்கா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைத் திருத்தி அடித்துக்கொண்டு வர மதியம் ஆகிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா என் காதில், "என் கண்ணுல படலைடி" என்றார். தோற்றுப்போனவர் குரல் இல்லை அது. தன் இனத்தில் ஒருவரைக் கண்டுபிடித்த குரல். பிறகு விரல்ரேகை வைத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி என்ற இடத்தில் நானும் போட்டேன். நானும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

குடிபோய் ஆறு வருடமாகிறது. வீட்டுக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். இந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளை அக்கா போட்டார், அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளை அந்த அம்மாள் போட்டார். முதல் வருடம் இருவரும் ஒருவரோடு ஒருவர் சண்டைபோடவில்லை, சிரிக்கவும் இல்லை. தண்ணீர்க் குழாயை யார் திறந்துவிட்டது, சந்தில் யார் துணி காயப்போட்டது என்று குறிப்பெழுதிக் கதவிடுக்கில் செருகிக்கொண்டார்கள். பின்னறை காலியானால் வீடு முழுசாக அக்காவுக்கு வந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். தெரிந்த அந்த விஷயம் அவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆள்மாதிரி உட்கார்ந்திருந்தது.

போன மழைக்காலத்தில் டெலிபோன் அம்மாளுக்குக் கடுமையான காய்ச்சல். இரண்டு நாளாகச் சந்தில் அந்த அம்மாளின் துணி தொங்கவில்லை என்பதைக் கவனித்த அக்கா நடுக்கதவைத் தட்டினார். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அக்கா டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். மாலையில் மாத்திரையோடு ஒரு தம்ளர் சூடான பாலைக் கொண்டுபோய் நீட்டினார். அந்த அம்மாள் தம்ளரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"முதல்ல நீ ஒரு வாய் குடி" என்றார்.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மீதியைக் குடித்தார்.

இதைக் கேட்டபோது எனக்கு மனசு பொறுக்கவில்லை. "உங்களுக்குக் கோவம் வரலையாக்கா?" என்றேன்.

"எதுக்கு? அவங்க இடத்துல நான் இருந்திருந்தா ரெண்டு வாய் குடிக்கச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.